கண் திறந்திருந்த மரை

"நம்ம ஊருல ஆடு மாட்டுக்கா பஞ்சம்? இதத் தூக்கிட்டுப் போயி என்னத்தா செய்யப் போற?"

என் பெட்டிக்குள் இருந்த படப் புத்தகத்தைப் பார்த்து அப்பா கேட்டது இது. தேயிலைத் தூள் ஒட்டிய சட்டையோடு தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தார். நம்ம ஊர் என்று அவர் சொன்னது மதுரைப் பக்கத்தை. நான் பிறந்ததோ இலங்கை மலையில், அந்த லயத்து ஒற்றை அறையில். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். தோட்டத்துத் துரைசானி சீமைக்குத் திரும்பும்போது அதைப் பாராட்டி எனக்குக் கொடுத்த புத்தகம் அது. காட்டு விலங்குகளைக் காட்டிலேயே போய்ப் போட்டோ பிடித்து, பக்கத்துக்கு ஒன்றாகக் குழந்தைகளுக்கென்று அச்சடித்திருந்தார்கள். சிறுத்தை, கரடி, மான் இனத்தில் பெரியதான மரை. கீழே இங்கிலீஷில் இரண்டு வரி. மதுரைப் பக்கம் நான் டீச்சராகப் போகும் பரவைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இதைத் தமிழில் சொல்வேன் என்றேன். அப்பா பெட்டியை மூடிக் கயிறு கட்டினார்.

பரவைக்கு வந்து இரண்டு கோடை கழிந்துவிட்டது. தோட்டத்தில் போர்வையை விட்டு எழ மனம் வராது. இங்கே விடியும்போதே பாய் சுடுகிறது. காலையில் தண்ணீர் எடுக்கப் போனால், எதிரே வரும் பெண்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள்: "ஊருக்கு எப்பப் போறீக?" இதுதான் என் ஊர் என்று முதலில் சொல்லிப் பார்த்தேன். இப்போது சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொள்கிறேன். என் தாத்தா எந்தத் தெருவிலிருந்து கப்பலேறினார் என்று சந்தையில் ஒரு வெங்காயக் கடைக்காரர் மறுபடி மறுபடி கேட்டார். சாதியைத்தான் கேட்கிறார் என்று தெரிந்தே, பள்ளிக்கூடத் தெரு என்றேன். வெங்காயத்தை நிறுத்துப் போட்டார். அதன்பின் அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் குனிவதில்லை.

தோட்டத்தில் இந்தப் புத்தகத்தை விரித்தால் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பார்ப்பார்கள். எங்கள் நாயைத் தூக்கிப் போன சிறுத்தை இதுதான் என்று சண்டை நடக்கும். இங்கே வகுப்பு அப்படியே அடங்கிப் போனது. பேச்சி என்று ஒரு சிறுமி. அப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்தாள். தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுத்து மரையின் படத்தின்மேல் வைத்தாள். மறுநாள் கரடிக்கும் சிறுத்தைக்கும் பூ வந்தது. பிள்ளைகளுக்கு என் புத்தகத்தின்மேல் எவ்வளவு ஆசை என்று நினைத்து, வாயாரப் பாராட்டினேன். பேச்சி மெதுவாகக் கேட்டாள்:

"டீச்சர், இதோட வீட்டுக்குச் சொல்லி விட்டாகளா?"

அதற்கு வீடு ஏது, காடுதானே என்றேன். அவள் அழத் தொடங்கினாள். அடுத்த நாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை.

தேடிப் போனபோது, அவள் அம்மா சின்னத்தாய் சந்தைக்குக் கீரைக்கட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். பேச்சியும் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் ஒரே ஒரு போட்டோ. நாற்காலியில் மாலையோடு ஒருவர். பேச்சியின் அப்பா.

"செத்ததையெல்லாம் வரிசையா வச்சுக் காட்டுறீகளாம். பச்சப் புள்ளைக்கு அதக் காட்டலாமா தாயி? மானுக்காக அம்புட்டு அழுக அழுகுறா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பக்கத்தில் உயிரோடு இருப்பவர்கள் படம் எடுத்துக்கொள்வதில்லை. எடுத்தால் ஆயுசு குறையும். சாவு விழுந்தால்தான் மதுரைச் சிம்மக்கல்லிலிருந்து படக்காரர் வருவார். பிள்ளைகள் பார்த்த படங்களெல்லாம் அவைதான். நான் புத்தகத்தைத் திறந்து, மரை உயிரோடுதான் இருக்கிறது, கண் திறந்திருக்கிறது பார் என்றேன்.

"எங்க வீட்டுக்காரருக்குந்தான் தொறந்திருக்கு. ஒக்கார வச்சு எடுத்துட்டு, பொறகு கண்ணு படக்காரரு மையில எழுதுனது." கீரையைத் தட்டில் அடுக்கியபடியே சொன்னாள்: "ஒங்க ஊரு வேற தாயி. இவ இனி எங்கூடச் சந்தைக்கு வரட்டும்."

திரும்பி வரும் வழியில் நம் தோட்டத்துப் படங்கள் நினைவுக்கு வந்தன. தோட்டத்தில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும்: குடையும் கைக்கடிகாரமுமாக நின்று நாம் படம் எடுப்பதே, உயிரோடு நன்றாக இருக்கிறோம் என்று ஊருக்குக் காட்டத்தான். அந்தப் படம் தபாலில் வந்து சேர்ந்த இந்தப் பக்கத்து வீடுகளில் முதலில் ஒப்பாரி எழுந்திருக்குமோ என்று இப்போது யோசிக்கிறேன்.

பேச்சியை விட எனக்கு மனமில்லை. ஒரு பெண் எழுத்துக் கூட்டுவதை நிறுத்தினால் பிறகு யார் வந்து அவளைத் தொடங்கிவைப்பது? சிம்மக்கல்லுக்குப் போய் அதே படக்காரரைப் பார்த்தேன். உயிரோடு இருப்பதையும் படம் எடுக்கலாம் என்று பிள்ளைகள் பார்க்க, கண்மாய்க் கரைக்கு வந்து, எருமை முதுகில் உட்காரும் உண்ணிக்கொக்கைப் படம் எடுக்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உசுரோட இருக்கறத எடுத்துப் பழக்கமில்லையே டீச்சரம்மா. அது சொன்ன பேச்சுக் கேக்காது."

ஆனாலும் சனிக்கிழமை வந்தார். பிள்ளைகள் கரைமேல் தள்ளியே நின்றார்கள். சின்னத்தாயும் கூடையோடு நின்றாள். பயப்பட ஒன்றுமில்லை என்று காட்ட, எருமைக்குப் பக்கத்தில் நானே போய் நின்றேன். படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்து, அசையாதீர்கள் என்று சொல்லி, படப்பெட்டிக் கண்ணாடியின் மூடியைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்துக் கொக்கு எழும்பியது.

"டீச்சர், கொக்குப் போகுது!" என்றது பேச்சியின் குரல். திரும்பிவிட்டேன்.

"இதுக்குச் செத்தவுகளே தேவல" என்றார் படக்காரர்.

படத்தில் எருமை மட்டும் கல்லில் செதுக்கியதுபோல் விழுந்திருந்தது. கொக்கு ஒரு வெள்ளைத் தீற்றல். எனக்கு இரண்டு முகம். ஒன்று படப்பெட்டியைப் பார்க்கிறது, ஒன்று கரையைப் பார்க்கிறது. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சின்னத்தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"ஆடிருச்சே" என்றாள். "செத்தது ஆடாது."

திங்கட்கிழமை பேச்சி வந்தாள். மரையின் பக்கத்தில் காய்ந்திருந்த பூவை அவளே தட்டிவிட்டாள். கொக்குப் படத்தைப் புத்தகத்தின் கடைசித் தாளில் ஒட்டினோம். அந்தப் புத்தகத்தில் இங்கிலீஷ் இல்லாத ஒரே பக்கம் அதுதான். "கொக்கு" என்று அவள் கோணலாக எழுதியிருக்கிறாள்.

இன்னொரு பிரதியை அப்பாவுக்கென்று எடுத்து வைத்தேன். தாத்தாவோடு கப்பலேறும்வரை இந்தப் பக்கத்துப் பிள்ளையாக வளர்ந்தவர். உறையைப் பிரித்ததும் நெஞ்சு பதறுமே என்று, "நான் அசைந்துவிட்டேன், நன்றாகப் பாருங்கள்" என்று படத்தின் பின்னால் எழுதினேன். உறையின்மேல் லயத்து விலாசம் எழுதினேன். அனுப்புகிறவர் ஊர் எழுத வேண்டிய இடத்தில் பேனா சற்று நின்றது. பரவை என்று எழுதி, இன்று காலை தபாலில் போட்டுவிட்டேன்.