நடை சாத்திய புதன்கிழமை

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். லாரியில் கிளீனராகப் போய், கோவாவில் ஓட்டல் வேலை பார்த்து, அங்கே தங்க வந்தவர்களிடம் ஆங்கிலம் பொறுக்கிக்கொண்டேன். எந்த ஊரிலும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. பெரம்பலூரில் இருந்தபோது அந்த ஆங்கிலத்துக்கு ஒரு வேலை வந்தது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் சொந்தமாகத் தொழில் தொடங்க உதவுவதற்காக, வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் ஒரு மாதம் வந்திருந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் பேச்சை மாற்றிச் சொல்வது என் வேலை.

ரெட்டிபாளையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபது வயது இருக்கும். அப்பா இல்லை, அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். இவள் மக்காச்சோள மாவில் முறுக்கு சுட்டு விற்றாள். மாவு அரைக்க ஒவ்வொரு முறையும் சோளத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அரியலூர் போக வேண்டும். மாணவர்களால் ஒரே ஒரு அரைவை மிஷின்தான் தர முடியும். அவள் விற்பதை ஒருநாள் நேரில் பார்ப்பார்கள். நன்றாகப் போனால் மிஷின் அவளுக்கு, இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு. இடத்தை அவளே சொன்னாள்: சிறுவாச்சூர் கோயில் வாசல். கிழமையை அவர்கள் சொன்னார்கள்: புதன்.

நான் அப்படியே தமிழில் சொன்னேன். அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிங்க" என்றாள்.

புதன் காலை சிறுவாச்சூரில் இறங்கியதும்தான் எனக்கு உறைத்தது. அந்தக் கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். வாசலில் பூக்கடைப் பலகைகள் கவிழ்ந்து கிடந்தன. ஒரு நாய் படுத்திருந்தது. அவள் கூடையோடு நின்றிருந்தாள்.

"ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்ண்ணே."

"அப்பறம் ஏன் வாயத் தொறக்கல?"

"அன்னைக்கு ஆவாதுன்னா, இவளுக்கு வேணாம் போலன்னு அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டா? நீங்க இங்கனயே இருக்கீங்க, பாத்துதான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

உதவி செய்ய வந்தவர்களிடம் எங்களுக்கு முதலில் வாயில் வருவது 'சரி'தான். நானும் பல ஊரில் அப்படிச் சொல்லி மாட்டியிருக்கிறேன்.

மாணவர்கள் காரில் வந்து, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்தார்கள். கூட்டம் எங்கே என்று மூவருக்கும் தலைவியாக இருந்த மாணவி கேட்டாள். மதியத்துக்கு மேல் வரும் என்றேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. பூக்கார அம்மா ஒருவர் அந்தப் பக்கம் வந்தார்.

"ஏம்மா, பொதங்கெழமையில யாருக்கு முறுக்கு விக்கிற, அந்த நாய்க்கா?"

என்ன சொல்கிறார் என்று மாணவி கேட்டாள். முறுக்கு நல்ல மணமாம் என்றேன். மாணவி தலையாட்டி எழுதிக்கொண்டாள். முறுக்குக்காரப் பெண்ணுக்கு அது பிடிபட்டுவிட்டது.

"என்னண்ணே சொன்னீங்க அவங்ககிட்ட?"

சொன்னேன்.

"நாந்தான் பயந்து வாய மூடிட்டேன், நீங்களுமா? ஒண்ணும் விக்காம போனா என் முறுக்குதான் சரியில்லன்னு எழுதிட்டுப் போவாங்க. உள்ளதச் சொல்லுங்க."

ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். மாணவியின் முகம் சிவந்தது. மறுநாள் அவர்களுக்குத் திருச்சியில் விமானம். வெள்ளிக்கிழமை நானே இருந்து பார்த்துப் படம் எடுத்து அனுப்புகிறேன் என்றேன்.

காலையிலிருந்து பொய் சொன்ன உங்களை வெள்ளிக்கிழமை மட்டும் எப்படி நம்புவது என்று மாணவி கேட்டாள். நியாயம்தான். அதைத் தமிழில் சொல்ல நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"நம்ப வேணாம்னு சொல்லுங்க. மூணு பேர்ல ஒருத்தர் இருந்து பாத்துட்டுப் போவட்டும்."

அவர்கள் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நாங்கள் வெயிலில் நின்றோம். அவள் கூடைத் துணியை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தாள். கடைசியில் குள்ளமான மாணவன் இறங்கி வந்து, தான் மட்டும் இரண்டு நாள் தங்குவதாகச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை வாசலில் கால் வைக்க இடமில்லை. அவன் அவள் பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஒவ்வொருவர் பேசியதையும் என்னிடம் கேட்டான்.

"உப்புக் கம்மியா இருக்கே புள்ள" என்றார் ஒரு பெரியவர்.

அவனும் அவளும் என்னைப் பார்த்தார்கள். உப்பு குறைவாம் என்றேன். எழுதிக்கொண்டான்.

மதியத்துக்குள் கூடையில் தூள்தான் மிச்சம். அவன் போனில் மாணவியிடம் பேசிவிட்டு வந்து, மிஷின் அவளுக்குத்தான் என்றான். அவளிடம் சொன்னேன்.

"அவரு சொல்றாரா," என்றாள், "இல்ல நீங்களா சொல்றீங்களாண்ணே?"