அக்காவின் பறி

அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் என்னால் உட்காரவே முடியவில்லை. உள்ளே அக்காவுக்குத் தலையில் கரண்ட் வைக்கிற சிகிச்சை. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நான் கதவுக்கும் குழாயடிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"உக்காரேன், காலு வலிக்கல?" என்றார். மனுஷனால் எப்படி இப்படிச் சாய்ந்திருக்க முடிகிறது என்று எரிச்சலாக வந்தது.

அக்காவுக்கு வாய் அதிகம். எங்கள் ஊர் பசியாவரத்தில் அவளிடம் திட்டு வாங்காத ஆள் இல்லை. அதிகம் வாங்கியவள் நான்தான். நாங்கள் இருவரும் ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்கள். தண்ணீரில் குந்தி இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். அதனால் இறால் போடுகிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வோம். அதுதான் பறி. ஒருத்தி கடித்த பறியை இன்னொருத்தி வாயில் வைக்கமாட்டாள், கூடப்பிறந்தவளாக இருந்தாலும். எச்சில்.

போன மழைக்குப் பிறகு அந்த வாய் அடைத்துப்போனது. முதலில் ஏரிக்கு வரமாட்டேன் என்றாள். பிறகு சோறு வேண்டாம் என்றாள். பிறகு எதுவுமே சொல்லவில்லை. உட்கார வைத்தால் உட்கார்ந்தபடியே இருப்பாள். கஞ்சி ஊற்றினால் கடைவாயில் வழியும். மந்திரிப்புக்கும் கேட்கவில்லை, மாத்திரைக்கும் கேட்கவில்லை.

ஒருநாள் மாமா அவளுடைய பறியை எடுத்துப் பரணில் செருகினார். எனக்கு வந்ததே கோபம். "அவ இன்னா செத்தா பூட்டா?" என்று பிடுங்கிக்கொண்டேன். மறுநாள் அதையே கடித்துக்கொண்டு ஏரியில் இறங்கினேன். கூட வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். சுளித்தால் சுளிக்கட்டும்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "சாப்பிடாம இப்படியே விட்டா உயிருக்கே ஆபத்து," என்றார் டாக்டரம்மா. "மயக்க மருந்து கொடுத்துட்டுதான் கரண்ட் வைப்போம். வலி தெரியாது. ஞாபகம் மட்டும் கொஞ்ச நாள் முன்னே பின்னே இருக்கலாம்."

முதல் தடவைக்கு முந்தின நாள், தலைக்கு ஊற்றி எண்ணெய் வைக்காமல் விடச் சொன்னார்கள். நான் ஊற்றவில்லை. ஈரத்தில் கரண்ட் பட்டால் என்ன ஆகும் என்று தண்ணீருக்கு நடுவில் வாழ்கிற எங்களுக்குத் தெரியாதா? ஒரு சொட்டு ஈரம் படாமல் பார்த்துக்கொண்டு, எண்ணெய் வைத்து அழகாக வாரிவிட்டேன். காலையில் சிஸ்டர் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை வாங்கு வாங்கு என்று வாங்கினார். எண்ணெய் இருந்தால் கரண்ட் வைக்கிற இடம் சரியாக ஒட்டாதாம். அலசிவிட்டு ஃபேனுக்குக் கீழே முடியை விரித்து உலர்த்தினேன். போதும்மா என்று சிஸ்டர் சொல்லியும் துவட்டிக்கொண்டே இருந்தேன்.

"கரண்ட் வைக்கிறப்போ பல்லை இறுக்கிக் கடிப்பாங்க. ஆடுற பல்லு ஏதாவது இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பறி கடிச்ச பல்லு. ஆடாது," என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தானே விரல் விட்டு அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

முதல் சில தடவைகளில் ஒன்றும் நடக்கவில்லை. எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொள்வாள், கூரையைப் பார்ப்பாள், அவ்வளவுதான். இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம், பொறுங்கள் என்றார்கள். பொறுமைக்கும் எனக்கும் எந்தக் காலத்தில் ஒத்துப்போனது? டாக்டர் மேல் கோபம், மாமா மேல் கோபம், வாயைத் திறக்காத அவள் மேலும் கோபம்.

அன்று, உட்கார முடியாமல் நடந்துகொண்டிருந்த என்னைக் கதவைத் திறந்து சிஸ்டர் கூப்பிட்டார். அக்கா கண் மூடிக் கிடந்தாள். அவள் கைகள் இரண்டும் போர்வையைத் துழாவிக்கொண்டிருந்தன. மெதுவாக, விரல்களை விரித்து, ஒரு கை இன்னொரு கையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"மயக்கம் தெளியறப்போ சிலர் இப்படித்தான்," என்று சிஸ்டர் பிடிக்கப் போனார்.

"விடுங்க சிஸ்டர். எறா தடவுறா."

அக்கா கண்ணைத் திறந்தாள். நாக்கு குழறியது.

"என் பறி எங்கடி?"

எத்தனை மாதம் கழித்து வருகிற பேச்சு. எனக்குப் பொய் சொல்லக்கூட வரவில்லை. "வூட்டுல கீதுக்கா. நான்தான் ஏரிக்கு எடுத்துக்கினு போனேன்."

"கடிச்சியா?"

"ம்."

என்னை முறைத்தாள்.

"எச்சில் பண்ணிட்டியாடி, சனியனே."

கட்டில் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாமா இன்னும் வெளியே பெஞ்சில்தான் இருந்தார். அவரைக் கூப்பிட்டேன். ஓடி வந்து வாசலில் நின்றார்.

"இன்னொருவாட்டி திட்டுக்கா," என்றேன். "மாமா கேக்கல."