பெயர் எழுதி வைத்துக் காத்த ஏரி

மலைச்சரிவில் மண்ணை வெட்டுவதற்கு முன்னால் எழுத்துமூலமான அனுமதி வேண்டும். ஓடையின் இரு கரையிலும் ஒதுக்கு நிலம் விட வேண்டும். அதில் எதையும் கட்டவோ நடவோ கூடாது. வெட்டிய மண் தண்ணீரில் இறங்காதபடி முதலில் வண்டல் குழி தோண்டிவிட்டுத்தான் மற்ற வேலை. இதையெல்லாம் நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வாசகங்களை மலாயில் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, ஊரெல்லாம் அனுப்பியவன். எந்தக் கடிதத்துக்கு எத்தனை நகல், எந்த நகல் எந்த மேசைக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இது நடந்தது சில ஆண்டுகளுக்கு முன்பு, மலேசியாவின் கேமரன் மலையில், நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில். ஓய்வுக்குப் பிறகு தானா ராத்தா நகரத்தை விட்டு மறுபடி அங்கேயே போய்க் குடியேறியிருந்தேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே ஓர் ஏரி உண்டு. சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிற ஏரி இல்லை. வெள்ளைக்காரத் துரை காலத்தில் ஓடையை மறித்து, மண்கரை போட்டுக் கட்டியது. லயத்துக் குழாய்களில் வருவது அந்தத் தண்ணீர்தான். கரைக்கு நேர் கீழே, கடைசி வீட்டில், கொழுந்து பறித்து ஓய்ந்த ஓர் அம்மா இருந்தார். அவர் கணவர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தார். லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குள் சேறு புகுந்த கதை இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். மழை இருட்டினாலே அந்த அம்மா வாசலுக்கு வந்து கரையை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்.

ஒருநாள் காலை குழாயைத் திறந்தால் டீ வருகிறது. தேயிலைத் தோட்டம்தான் என்றாலும் அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மேலே ஏறிப் போய்ப் பார்த்தோம். ஏரிக்கு வருகிற ஓடையின் இரு பக்கமும் சரிவு மொட்டையாகக் கிடந்தது. காட்டை வழித்துவிட்டு, காய்கறி போடப் பிளாஸ்டிக் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அனுமதிப் பலகை இல்லை. வண்டல் குழி இல்லை. ஒதுக்கு நிலத்தில் அவரைக்காய்.

புகார் எழுதினேன். முறைப்படி, படங்களோடு, வரைபடத்தோடு. ஓர் அலுவலகம், ஓடை எங்களுடையது, சரிவு எங்களுடையதல்ல என்றது. இன்னொன்று, சரிவு எங்களுடையது, தண்ணீர் எங்களுடையதல்ல என்றது. தோட்ட நிர்வாகம், ஏரி எங்கள் எல்லைக்குள், மலை எல்லைக்கு வெளியே என்றது. தொலைபேசியில் கேட்டால் ‘உங்கள் கடிதம் நடவடிக்கையில் இருக்கிறது’ என்றார்கள். அதன் பொருள் எனக்குத் தெரியாதா? கோப்பு அலமாரிக்குள் போய்விட்டது, அவ்வளவுதான்.

அந்த அம்மா காத்திருக்கவில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு எந்த நாள் எந்தக் குடும்பத்து உபயம் என்று பிரிக்கிற கூட்டத்தில் எழுந்து நின்றார்.

“அம்மனுக்கு வருசா வருசம் உபயம் குடுக்கறீங்க. ஏரிக்கும் ஆளுக்கு ஒரு நாள் குடுங்கலா. அபிஷேகத் தண்ணி அங்கேருந்துதானே வருது? சேத்துலயா குளிப்பாட்டப் போறீங்க?”

கோயில் தலைவர் என் பக்கம் திரும்பினார். எழுத்தர் வேலை பார்த்ததால் ஊருக்கெல்லாம் நான் கிராணி. “கிராணி ஐயா, இதுக்கு பெர்மிட் வேணுமே?”

ஏரியைத் தூர்வார அனுமதி கேட்டும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை என்றேன்.

“அண்ணே, நீங்க எழுதிக்கிட்டே இருங்க. நாங்க வெட்டிக்கிட்டே இருக்கோம்” என்றார் அந்த அம்மா. கூட்டமே சிரித்தது. நானும்தான்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் ஒரு குடும்பத்தின் உபயம். ஓடை ஏரிக்குள் நுழைகிற வாயில் மூங்கில் நட்டு, சாக்கு கட்டி, சேற்றைத் தடுத்தார்கள். தேங்கியதை வாரிக் கரையில் போட்டார்கள். இப்போது கொழுந்து பறிப்பவர்களில் பாதிப்பேர் நேப்பாளிகள். அவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தானா ராத்தாவில் உணவுக்கடை வைத்திருக்கும் பாய், ரொட்டியும் டீயும் வேனில் அனுப்பி, சாப்பாடு தன் உபயம் என்றார். மெல்ல மெல்லக் குழாய்த் தண்ணீர் தெளிந்தது.

அப்புறம்தான் கோயில் நடத்துகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவற்றைச் செய்தோம். பலகை வைத்தோம். உபயம் என்றால் உபயகாரர் பெயர் வேண்டாமா? நீலப் பலகையில் மஞ்சள் எழுத்தில் ‘ஏரி உபயம்’ என்று போட்டு, அதன் கீழே குடும்பத் தலைவர்களின் முழுப்பெயர், தமிழிலும் மலாயிலும். என் பெயருக்குப் பக்கத்தில் ‘ஆலோசகர்’. பலகை எழுதியவர் ஓரத்தில் தன் பெயரையும் போட்டுக்கொண்டார்.

அதிகாரிகள் வந்தார்கள். என் புகாருக்கு வராதவர்கள், யார் சொல்லியோ இதற்கு வந்தார்கள். மொட்டைச் சரிவைத் தாண்டித்தான் அவர்கள் வண்டி வந்திருக்க வேண்டும்; வேறு பாதை கிடையாது. எங்கள் மூங்கில் வேலியைப் படம் எடுத்தார்கள். பலகையையும் எடுத்தார்கள்.

சில நாளில் பலகையில் இருந்த எல்லோருக்கும் நோட்டீஸ். ஓடையின் ஒதுக்கு நிலத்தில் அனுமதியின்றிக் கட்டுமானம். உடனே அகற்றாவிட்டால் வழக்கு. நான் முதலில் சொன்னேனே, அதே விதி. ஓர் எழுத்துப் பிழை இல்லாத பெயர்கள். பலகை எழுதியவருக்குக்கூட ஒன்று. எனக்கு வந்ததில் ‘ஆலோசகர்’ என்றே போட்டிருந்தார்கள்.

“பாய்க்கு மட்டும் வரல பாத்தீங்களா? ரொட்டிக்கு பெர்மிட் இருக்கு போலலா” என்றார் லாரி ஓட்டுகிற ஒருவர். அவர் வேலையே அரசாங்கக் குத்தகையில்; வழக்கு வந்தால் அது போய்விடும். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் நோட்டீஸை மறுபடி மறுபடி பிரித்து வாசித்தார்.

நான் நேரே போய்க் கேட்டேன். மேலே மலையை வெட்டியவனுக்கு ஏன் நோட்டீஸ் இல்லை? அங்கிருந்த இளம் அதிகாரி என்னை ‘அங்கிள்’ என்று அழைத்து, மலாயில் மிக மரியாதையாக விளக்கினார். “அங்கே யார் செய்கிறார்கள் என்று தெரியவில்லை, அங்கிள். பெயர் இல்லையே. பெயர் இல்லாமல் நாங்கள் யாருக்கு அனுப்புவது?”

ஆட்சேபணை மனு கொடுத்தேன். மனுவை விசாரிக்கும்வரை எதையும் இடிக்கக்கூடாது, அதுதான் முறை. ஏரியைத் தூர்வார ஒரு மண்வாரி இயந்திரம் அனுப்புங்கள் என்று எத்தனையோ முறை கெஞ்சியிருந்தோம். அந்த இயந்திரம் வந்தது, எங்கள் வேலியைப் பிடுங்க. எல்லோரும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு வேலையில் இறங்கிவிட்ட காலை நேரம். அந்த அம்மா ஓடிவந்து அதன் முன்னால் நின்றார்.

“கீழ என் வீட்டுக்காரரு படுத்துக் கெடக்காருடா! இதைப் பிடுங்கினா அவரைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?”

ஓட்டுநர் தமிழர். “யக்கா, எனக்கு ஆர்டர்க்கா. என்னை என்னா செய்யச் சொல்றீங்க” என்று தலையைக் குனிந்துகொண்டார். நான் மனுவின் நகலைத் தூக்கிப் பிடித்து விதியை உரக்க வாசித்தேன். இரண்டு அதிகாரிகள் அந்த அம்மாவைக் கையைப் பிடித்து ஓரமாக உட்காரவைத்தார்கள். மதியத்துக்குள் வேலி போயிற்று. இடத்தைச் சீராக்க வேண்டுமாம். நாங்கள் மாதக்கணக்கில் வாரிப் போட்ட சேற்றையெல்லாம் திரும்ப ஏரிக்குள்ளேயே தள்ளிவிட்டுப் போனார்கள்.

ஆண்டுக் கடைசி மழை. ஒரு பிற்பகலில் மேலே சரிவு இறங்கி ஏரியை நிரப்பியது. தண்ணீர் கரையைத் தாண்டிக் குதித்தது. கொழுந்துக் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் அந்த மனிதரை மெத்தையோடு தூக்கினார்கள். நடக்க முடியாத மனிதர், போகும்போது கட்டிலடியைக் கைகாட்டிக்கொண்டே இருந்தார். செருப்பு. அந்த அம்மா முழங்கால் சேற்றில் திரும்பிப் போய் அதை எடுத்து வந்தார். அவர்கள் வெளியே வந்த பிறகு ஜன்னல்வரை சேறு ஏறியது. உயிர் தப்பியது, வீடு இல்லை.

மேல் லயத்தில் காலியாக இருந்த ஒரு வீட்டில் அவர்களைக் குடிவைத்தோம். ஏரி இருந்த இடத்தில் புல் முளைத்தது. ஒரு மூலையையாவது மீட்கலாம் என்று மறுபடி மண்வெட்டி எடுத்தபோது, இந்தத் தடவை பலகை வேண்டாம் என்றார்கள் பலர். நானும் அதையே சொன்னேன்.

“ஏன், நாம என்னா திருட்டு வேலையா செய்றோம்?” என்று அந்த அம்மா எங்கள் மேல் பாய்ந்தார். “இன்னும் பெருசா எழுதுங்கலா. பேரு இல்லாம ஒளிஞ்சிருக்கவன் மேல இருக்கான்.”

அதற்குப் பிறகுதான் என் முதல் புகாருக்குப் பதில் வந்தது. நேரில் ஆய்வு செய்ததில், குறிப்பிட்ட இடத்தில் ஏரி எதுவும் காணப்படவில்லை, ஆகவே புகார் முடித்துவைக்கப்படுகிறது, அக்கறைக்கு நன்றி. கோப்பு எண் சரி. நகல்கள் போக வேண்டிய மேசைகளுக்குப் போயிருந்தன. ஒரு பழைய எழுத்தராக அதில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

பெயர் போட்டு நிற்பவனைத்தான் சட்டம் முதலில் தேடி வரும் என்பது தெரிந்தும், அதன்பின் நான் எழுதுகிற எல்லாப் புகாரிலும் என் முழுப்பெயரைப் போட்டே எழுதுகிறேன். அந்தப் பதில் என் கைக்கு வந்து சேர்ந்த தேதி ஏப்ரல் பதினான்கு, சித்திரை முதல் நாள். புத்தாண்டுக்கு அது அரசாங்கத்தின் உபயம்.