இரண்டு விரல் துணி

ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், சாவி வெட்டுபவருக்கும் செருப்புத் தைப்பவருக்கும் நடுவே, ஓர் ஆல்டரேஷன் கடை உண்டு. எட்டடிக்கு ஆறடி. ஒரு தையல் மிஷின், ஓர் இஸ்திரிப் பலகை, உடை மாற்றத் திரை போட்ட ஒரு மூலை. கடைக்காரியை அந்தத் தளத்தில் எல்லோரும் ‘ரெண்டு விரல் அக்கா’ என்றுதான் சொல்வார்கள். இடுப்பைப் பிடித்துத் தரச் சொன்னாலும் சரி, நீளத்தைக் குறைக்கச் சொன்னாலும் சரி, மிச்சத் துணியை அவள் வெட்டமாட்டாள். இரண்டு விரல் அகலத்துக்கு உள்ளேயே மடித்துத் தைத்துவிடுவாள். இன்றைக்கு இளைத்த உடம்பு நாளைக்கு ஊதினால் எங்கே போவீர்கள் என்று கேட்பாள். இருபத்திரண்டு வருடத்தில் இந்த வழக்கத்தை ஒரே ஒரு தடவைதான் மீறினாள். அது தன் ஓரகத்தியின் கவுனில்.

அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே வீட்டில், மூன்றாம் மாடியில், ஒரே குளியலறையோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தார்கள். இளையவளுக்குப் பல் மருத்துவமனையில் கவுண்டர் வேலை. கன்னம் வீங்கி வந்தவனைக்கூடச் சிரிக்க வைத்து உட்கார வைப்பாள். மூத்தவளான கடைக்காரிக்கு நாலு பேரைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பைக் கழற்றும் முன்பே இளையவளைத்தான் தேடுவார்கள். போதாததற்கு இளையவளுக்கு ஏழு வயதில் ஒரு மகள். மூத்தவளுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குழந்தை ‘பெரியம்மா’ என்று கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது இனிக்கும். அம்மாவின் குரல் கேட்டதும் இறங்கி ஓடும்போது சுருக்கென்று தைக்கும்.

போன வருடம் சினிமாக்காரர்கள் வணிக வளாகத்தில் கறுப்புத் துணியால் ஒரு சின்ன அறை கட்டினார்கள். இந்த நகரத்தில் நடந்த ஐந்து குட்டிக்கதைகள், ஐந்து இயக்குநர்கள், எல்லாம் சேர்த்து ஒரே படம். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் மைக்கின் முன்னால் உட்கார்ந்து தனக்கு நடந்ததைச் சொல்லலாம்.

முதல் நாளே மூத்தவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போய் வரிசையில் நின்றாள். வீட்டில் மூச்சு விடவில்லை. மேடை ஏறப் பத்து நிமிடம் இருக்கும்போது கால்சட்டை கிழிந்த பெரிய பாடகர் ஒருவரின் மானத்தைத் தான் காப்பாற்றிய கதையைச் சொன்னாள். கால்சட்டை கிழிந்தது நிஜம். ஆனால் அந்தப் பாடகர், கூட்டத்தோடு பாடுகிறவர், மூன்றாவது வரிசை. மைக்கின் அந்தப் பக்கம் இருந்த பெண் நன்றி சொல்லி, பிறகு கூப்பிடுவதாகச் சொன்னாள். கூப்பிடவில்லை.

கூப்பிட்டது இளையவளை. ஒரு நாள் மதியம் மருந்து வாங்க வந்தவள் சும்மா உள்ளே எட்டிப்பார்த்தாளாம். சும்மா உட்கார்ந்தாளாம். ஏதேதோ உளறினாளாம். அதுதான் ஐந்தில் ஒன்று. என்ன கதை என்று மூத்தவள் கேட்டதற்கு, படம் வரும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்றாள். மூத்தவளுக்குக் காதில் புகை வந்தது. இவளுக்கு அப்படி என்ன கதை இருக்கிறது? பல் பிடுங்கிய கதையா? மூத்தவளின் கணவரோ போன் போட்டு, நம் வீட்டுக் கதை படமாகிறது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார். அவரைப் பொறுத்தவரை எல்லாம் ‘நம் வீடு’. அவர் வரிசையில் நின்று கால் கடுத்தவர் இல்லையே.

படத்தின் முதல் காட்சிக்கு மூன்று நாள் முன்னால் இளையவள் ஒரு நீலக் கவுனைக் கடைக்குக் கொண்டுவந்தாள். அப்படியொரு நீலம். இடுப்பில் தொளதொள என்று இருக்கிறது, கொஞ்சம் பிடித்துக் கொடுங்கள் என்றாள். மூத்தவள் ஊசி குத்தி, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டாள். இளையவள் போனபின் கோட்டுக்கு அரை விரல் உள்ளே தள்ளித் தைத்தாள். அதோடு விட்டிருந்தாலும் பிரித்துவிடலாம். கத்தரிக்கோலை எடுத்து உள்ளே இருந்த துணியைத் தையல் ஓரமாக இரண்டு பக்கமும் வெட்டிக் குப்பையில் போட்டாள். சொல்லப்போனால் சந்தோஷமாக இருந்தது. அன்று மாலை ஒரு கப் காப்பி கூடுதலாகக் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. இளையவள் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள, மகள் பின்னாலிருந்து ஜிப்பை ஏற்றினாள். பத்து வயது குறைந்த மாதிரி இருப்பாள் என்று பார்த்தால், கவுன் அவளைப் பிடித்து நெரித்தது. மேலே ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டாள். “நான்தான் ஊதிட்டேன் போல” என்று தன்னையே கேலி செய்தாள். மூத்தவள் ஒப்புக்குச் சிரித்தாள்.

தியேட்டரில் முதல் மூன்று கதைகளும் ஓடின. ஒரு லிஃப்ட் மெக்கானிக், ஒரே அறையில் பகலும் இரவும் மாறிமாறித் தூங்கும் இரண்டு நண்பர்கள், தொலைந்த நாயைத் தேடும் நீதிபதி. நான்காவது கதையின் தலைப்பு திரையில் விழுந்தது. ‘இரண்டு விரல்.’

மூத்தவள் சட்டென்று திரும்பி இளையவளைப் பார்த்தாள்.

திரையில் ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்கிறாள். வெளிர் பச்சை யூனிபாரம். ஒரு வருடம் முடியும்வரை அவளை எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம். அதற்குள் வயிற்றில் குழந்தை. யாரிடமும் சொல்லப் பயம். வீட்டில் அவளுடைய அக்கா முறைக்காரி, தையல்காரி, ஒவ்வொரு வாரமும் அந்த யூனிபாரத்தை எடுக்கிறாள். முன்பு தானே உள்ளே மடித்துவைத்த துணியில் ஒரு நூல் கனம் பிரித்துவிட்டு, இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டுகிறாள். ஒரு கேள்வி கேட்பதில்லை. வேலை நிரந்தரமாகும்வரை அந்த இரண்டு விரல் துணி அவளைக் காப்பாற்றுகிறது. தையல்காரியாக நடித்தவள் கண்ணில் அத்தனை கனிவு. தியேட்டரில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

நடந்தது அதுதான். ஆனால் கேள்வி கேட்காததன் காரணம் மூத்தவளுக்கல்லவா தெரியும். கேட்டால் இளையவள் ஆமாம் என்று சொல்லிவிடுவாள். அந்தச் சொல்லைக் காதால் கேட்க அப்போது அவளுக்குத் தெம்பில்லை. கல்யாணமாகி எட்டு மாதத்தில் இவளுக்கு, பன்னிரண்டு வருடமாகியும் தனக்கில்லை என்ற வயிற்றெரிச்சலில், பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு தையலையும் பிரித்தாள். துணி பிதுங்கி நிற்பதைத் தொழில்காரியின் கண்ணுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை, அதனால் செய்தாள். இப்போதும் அந்த நடிகையின் அழகைப் பார்த்தும், இளையவளுக்காக எழுந்த கைதட்டலைக் கேட்டும் உள்ளே எரிந்தது. எரிந்துகொண்டே அழுதாள்.

வெளியே கூடத்தில் இளையவள் அவள் கையைப் பிடித்து எல்லோர் முன்னாலும் இழுத்து நிறுத்தினாள். “இவங்கதான் அந்த அக்கா” என்றாள். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர், மூத்தவளை இளையவளின் இடுப்பில் கை போட்டு நிற்கச் சொன்னார். மூத்தவள் சால்வைக்கு அடியில் கையை விட்டாள். விரல்கள் நேரே தையலில் போய் நின்றன. அங்கே தடவிப் பார்க்க ஒன்றும் இல்லை.

இளையவள் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே காதோரம் சொன்னாள். “அக்கா, மூச்சு முட்டுது. வீட்டுக்குப் போனதும் கொஞ்சம் பிரிச்சு விடுங்க. உள்ள ரெண்டு விரல் இருக்குமில்ல?”

“இல்ல. வெட்டிட்டேன்.”

“மொத்தமுமா?”

“மொத்தமும்.”

கேமரா மின்னியது. கவுண்டரில் பழகிய சிரிப்பு, இளையவள் முகத்தில் அது கலையவில்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியிலும் கேட்கவில்லை. அவள் கேட்காததற்கு என்ன காரணம் என்று மூத்தவளுக்கு இன்றுவரை தெரியாது.

பேப்பரில் வந்த அந்தப் போட்டோவைச் சாவிக்கடைக்காரர் வெட்டிக் கொண்டுவந்து, மூத்தவளின் கடைச் சுவரில் ஒட்டிவிட்டார். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அதைப் பார்த்து உருகுகிறார்கள். அதிலும் இளையவள்தான் நன்றாக விழுந்திருக்கிறாள். போட்டோவுக்குக் கீழே ஹேங்கரில் அந்தக் கவுன் தொங்குகிறது. மறுநாளே இளையவள் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனது. அதே நீலத்தில் இரண்டு பக்கமும் பட்டித் துணி வைத்துத் தைத்தால் சரியாகிவிடும். அதற்காக மூத்தவள் கவுனின் ஓரத்தில் உருவிய ஒரு நூலைக் கையில் வைத்துக்கொண்டு, விடுமுறை நாளெல்லாம் நகரத்தின் துணிக்கடைகளை ஏறி இறங்குகிறாள். அந்த நீலம் எங்கும் கிடைக்கவில்லை.