எங்கே பூச?

வெள்ளவத்தையில் என் கணவர் பௌஸி வேலை செய்யும் மருந்துக் கடைக்குப் போய் ஒரு ஸ்டெரொயிட் களிம்பு கேட்டுப் பாருங்கள். கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "எங்க பூச?" என்பார். அவசரத்தில் நிற்பவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்திரண்டு வருடமாக இதே கேள்வி! உள்ளங்கால் தோல் தடிப்பு, அதற்குக் கடும் மருந்து தாங்கும். முகத்துக்கு அது ஆகவே ஆகாது என்று ஆளுக்கு ஆள் நின்று விளக்குவார். கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

நான் கணக்கு டீச்சர். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது. மகள் அர்பாவின் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்க, என் கன்னம் சிவந்து செதில் தட்டியது. அலுமாரியில் இரண்டு ஸ்டெரொயிட் களிம்பு டியூப். ஒன்றில் ஒரு சதவீதம் என்றிருந்தது. அவருடைய குதிக்காலுக்கு டொக்டர் எழுதிய மற்றதில் பூச்சியம் தசம் பூச்சியம் ஐந்து. சின்ன இலக்கம், சாதுவான மருந்து என்று முடிவுகட்டிவிட்டேன். மூன்றே நாளில் முகம் பளபளத்தது. விடுவேனா? அவரிடம் சொன்னால் அந்தக் கேள்வி வருமே என்று ஒளித்து ஒளித்துத் தினமும் பூசினேன்.

மூன்றாம் வாரம் டியூப் முடிந்தது. இரண்டு நாளில் கன்னமிரண்டும் செக்கச்செவேலென்று எரியத் தொடங்கின. கல்யாணத்துக்கு ஆறே நாள். அழுதுகொண்டே வெற்று டியூபை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன்.

"இலக்கத்த வெச்சி பலம் பாக்க ஏலா ஷிஹாரா. மருந்துக்கு மருந்து வேற. இந்தப் பூச்சியம் தசம் பூச்சியம் அஞ்சிதான் எங்கட கடையிலயே ஆகக் கடும் சாமான். அந்த ஒரு சதவீதம்தான் ஆகச் சாது."

அன்றே தோல் டொக்டரிடம் கூட்டிப் போனார். ஆறும், ஆனால் மாதக்கணக்காகும், அதுவரை பவுடர்கூட வேண்டாம் என்றார் டொக்டர்.

கல்யாண ஹோலில் மாப்பிள்ளையின் உம்மா, அத்தனை பேர் நடுவிலும், "முகத்துக்கு என்ன நடந்த?" என்று கேட்டுவிட்டார். பௌஸி முந்திக்கொண்டார்.

"என்ட பிழை. ஊர் முழுக்கக் கேக்குறன், எங்க பூச என்டு. ஊட்டுல கேக்கல்ல."

பச்சைப் பொய். பிழை முழுக்க என்னுடையது. அந்த மனிதரை அன்றைக்குப் போல நான் என்றைக்கும் விரும்பியதில்லை. பவுடரில்லாத சிவந்த முகத்தோடு, அவர் பக்கத்திலேயே நின்று, போட்டோவுக்கு நிமிர்ந்து பார்த்தேன்.