செவ்வாயும் வெள்ளியும் ஒளிர்ந்த நீர்

ஈயம் பட்டால் அறுந்துபோய்ப் பச்சையாக ஒளிரும் ஒரு டி.என்.ஏ. இழை. ஆற்று நீரில் ஈயம் கலந்திருக்கிறதா என்று சொல்லும் என் சோதனைக் கருவி அதை நம்பித்தான் இருந்தது. மலேசியாவில், ஸ்கூடாய்ப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் அதற்காகவே நாயாய் உழைத்தேன். அந்தப் பாழாய்ப்போன கருவியோ, ஈயமே இல்லாத சுத்த நீரிலும் சில நாள் ஒளிர்ந்து தொலைத்தது.

என் பேராசிரியை தமிழர்தான், பொறுமைதான் கிடையாது. "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா இந்த ஆராய்ச்சிய மூடிருவோம் லா," என்றவர், மூடும் கடிதத்தையும் அடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மூன்று வருடம் இவருக்கு ஒரு தாள்தானா?

குறிப்பேட்டைப் புரட்டினேன். தவறு நடந்த நாள்களெல்லாம் செவ்வாய், இல்லாவிட்டால் வெள்ளி. கருவிக்குக் கிழமை தெரியுமா என்ன? எனக்குத் தெரியும். அந்த இரண்டு நாளும் வீட்டில் விளக்கேற்றி, கடையில் வாங்கிய குங்குமத்தைப் புருவ மத்தியில் அள்ளி வைத்துக்கொண்டுதான் லேப்புக்கு வருவேன். என் கண்ணாடி மூக்கில் நிற்காது. கையுறையோடு அதை மேலே தள்ளும்போது விரலில் குங்குமம் ஒட்டும்; அதே கையால் சோதனைக் குழாய்களைத் தொடுவேன். அலமாக், அட கடவுளே!

வெள்ளிக்கிழமை பேராசிரியையை நிற்கவைத்தே செய்து காட்டினேன். புதுக் கையுறை, சுத்த நீர்: இருட்டு. துளிக் குங்குமத்தைக் கரைத்து விட்டேன்: பளிச்சென்று பச்சை. பக்கத்து அறையில் உலோகங்களை அளக்கும் பெரிய இயந்திரத்திலும் அந்தக் குங்குமத்தைப் போட்டுப் பார்த்தோம். ஈயமேதான்!

"கருவி தப்பே பண்ணல, டாக்டர். நான்தான் பண்ணேன்," என்றேன். சந்தோஷத்தில் குரல் கத்தலாகவே வந்தது.

அவர் நெற்றியிலும் ஐம்பது காசு அகலத்துக்குக் குங்குமம். கைப்பையைத் திறந்து ஒரு சின்னச் சிமிழை எடுத்து நீட்டினார்.

"இதையும் பாரு."

ஒளிர்ந்தது, என்னுடையதைவிடப் பலமாக.

டிஷ்யூவால் நெற்றியை அழுத்தித் துடைத்தார். மேசையிலிருந்த கடிதத்தை எடுத்து, சிவந்த டிஷ்யூவை அதில் சுற்றிக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

"திங்கக்கிழமை ஆத்துத் தண்ணி எடுக்கப் போலாம். நெத்தில ஒன்னும் வைக்காம வா," என்றார்.