பஞ்சு கழற்றிய இருக்கை

முழங்காலை இருக்கையின் மேல் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு உறையை இழுத்து மாட்டுவார் பஞ்சு. வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்று இழுத்தால் சற்று நிற்பார்; "இரு, வரேன்" என்று வயிற்றிடம் சொல்வார்; மறுபடி இழுப்பார். வண்டிகளுக்கு இருக்கை தைப்பது தொழில். எந்நேரமும் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருப்பதால் தெரு வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயரை ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான் பார்க்கலாம்.

ஈரலில் புற்றுநோய்க் கட்டி என்று பாதி ஈரலை வெட்டி எடுத்தார்கள். மனிதர் கட்டு பிரித்த அன்று வயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டு, "தையல் கொஞ்சம் கோணலாப் போயிருக்கே" என்றார். கட்டியைச் சுற்றி நல்ல ஈரலையும் கொஞ்சம் சேர்த்து வெட்டியதாக டாக்டரம்மா விளக்கிய பிறகுதான் சமாதானமானார். "அப்படித்தான் செய்யணும். ஓரம் விடாம வெட்டினா எங்க தொழில்லயும் வம்புதான்."

பிறகு ரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டரம்மா உட்கார வைத்துப் பேசினார். பஞ்சுவின் மரபணுவில் ஓரிடத்தில் சின்ன மாற்றம், பிறவியிலேயே உள்ளது. அப்படி உள்ளவர்களில், அறுவைக்குப் பிறகு நெடுநாள் இருந்தவர்கள் குறைவு என்று ஓர் ஆய்வு சொல்கிறதாம்.

"அந்த எடத்த மட்டும் பிரிச்சுத் தைக்க முடியாதாம்மா?"

"முடியாதுங்க. உடம்பு முழுக்க அதே நூல்தான். ஆனா இது கூட்டத்தப் பத்தின கணக்கு. உங்களுக்கு என்ன ஆகும்னு இத வச்சுச் சொல்ல முடியாது."

"அப்ப நான் அந்தக் கூட்டத்துல சேரல" என்று எழுந்துவிட்டார். மனைவியிடமும் அதையே சொன்னார்; அவள் சிரிக்கவில்லை. அவருக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் மறுநாளிலிருந்து, தைத்த உறைக்குக் கொடுக்கும் கேரண்டியை இரண்டு மடங்காக்கிவிட்டார். "கிழிஞ்சா வேற எங்கயும் போவாத. எங்கிட்டயே வா, நானே தச்சுத் தரேன்."

டாக்டரம்மா சொன்ன இன்னொன்றுதான் அவரை அரித்தது. ஈரலைக் கெடுத்தது ஒரு கிருமியாம்; அது சின்ன வயதிலேயே தொற்றியிருக்கிறது. கூடப் பிறந்த தம்பிக்கும் இருக்கலாம், அந்த மரபணு மாற்றமும் இருக்கலாம், எதற்கும் ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது.

தம்பி வேன் ஓட்டுகிறவன். "தெரியாம இருந்தா நிம்மதியா இருக்கலாம்ணே."

"நானும் நிம்மதியாத்தான்டா இருந்தேன். பாதி ஈரல் போச்சு."

கெஞ்சினார், மிரட்டினார், தம்பி பெண்டாட்டியைத் தூது விட்டார். ஒருமுறை ஆஸ்பத்திரி வரை கூட்டிக்கொண்டும் போனார். "டீ குடிச்சிட்டு வரேன்" என்று போனவன் போனவன்தான்.

பஞ்சு விடாக்கண்டர். ஸ்பிரிங் குத்துகிறது என்று தம்பி வேனைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, ஓட்டுநர் இருக்கையைக் கழற்றி, உறையை உரித்து, வெறும் கம்பிக்கூடாக்கிக் கடைச் சுவரில் மாட்டிவிட்டார்.

"அண்ணே, நாளைக்கு சவாரி இருக்கு."

"ஸ்டூல் போட்டு ஓட்டு."

"என்னண்ணே வெளையாடுற?"

"வெளையாட்டெல்லாம் இல்ல. ஸ்கேன் எடுத்துட்டு வா, ராஜா மாதிரி தச்சுத் தரேன்."

சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்த தம்பி, இன்று காலை வேறு வழியில்லாமல் வந்து நின்றான்.

ஸ்கேன் அறை வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவன் முகம் வெளுத்திருந்தது. "ஏதாவது இருந்துச்சுன்னா என்னண்ணே பண்றது?"

"இருந்தா சின்னதா இருக்கறப்பவே வெட்டி எறிவாங்க. எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்ல. போ, நான் இங்கதான் இருக்கேன்."

கதவு மூடியது. பஞ்சு குனிந்து தம்பியின் செருப்புகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, அது அங்கயே கெடக்கட்டுமே" என்றாள் நர்ஸ்.

"வேணாம்மா, ஓடிடுவான்" என்றார். பிறகு சட்டை நுனியை இழுத்து, அந்தச் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைக்க ஆரம்பித்தார்.